கூரை யாருடையது?



கிளாஸ்கோவில் எங்கள் மகளும் மருமகனும் வாங்கித் திருத்திய வீட்டின் படங்களைப் பார்த்துவிட்டு, "பழைய கட்டடத்தில் ஏன் இவ்வளவு காசைக் கொட்டினார்கள்?" என்று ஊரில் பலர் கேட்டீர்கள். ஒரு மாதம் அங்கே தங்கி வந்ததில் நாங்கள் கண்டதை எழுதுகிறோம்.

அது விக்டோரியா மகாராணி காலத்துச் செம்மணற்கல் கட்டடம். நான்கு மாடி, எட்டு வீடுகள், எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே கற்படி. இதை அங்கே 'டெனமென்ட்' என்பார்கள். அந்நாளில் இப்படியான கட்டடங்களில் தொழிலாளர் குடும்பங்கள் ஓரிரு அறைகளில் நெருங்கி வாழ்ந்தன. குசினிச் சுவரிலேயே கட்டில் போட ஒரு மாடம் இருக்கும். மகளின் வீட்டில் அந்த இடத்தில் இப்போது பிள்ளைகளின் படிப்பு மேசை.

1960களில் இத்தகைய தெருக்கள் பல இடிக்கப்பட்டன. 1970களில் கோவன் போன்ற பகுதிகளில் குடியிருந்தவர்களே வீடமைப்புச் சங்கம் அமைத்து, இடிக்க விடாமல், உள்ளே குளியலறை கட்டித் திருத்தினார்கள். மிஞ்சியவற்றில் பல அப்படி மிஞ்சியவைதான்.

மகளின் வீட்டு வேலை முடிந்து மூன்றாம் மாதம் கூரையில் ஒழுக்கு. நனைந்தது மேல்மாடியில் தனியாக இருக்கும் முதியவரின் வீடு. கீழே இருக்கும் மகளின் வீட்டில் ஒரு சொட்டும் விழவில்லை. கையிலிருந்த காசெல்லாம் கரைந்திருந்த நேரம்.

முந்திய வழக்கப்படி, உறுதியில் வேறாக எழுதப்படாவிட்டால், கூரையைப் பராமரிப்பது மேல்மாடிக்காரரின் பொறுப்பு. 2004ஆம் ஆண்டின் ஸ்கொட்லாந்து டெனமென்ட் சட்டம் அதை மாற்றியது. உறுதி வேறு சொல்லாவிட்டால் கூரை, அத்திவாரம், வெளிச்சுவர் எல்லாவற்றின் பராமரிப்பும் பொது. பெரும்பான்மையினர் முடிவெடுத்தால் எல்லோரும் கட்டவேண்டும்.

எட்டு வீட்டாரும் படிக்கட்டில் கூடினார்கள். மருமகன் முதல் ஆளாகச் சம்மதித்தார். வரவேற்பறைக்கு வாங்கவிருந்த கம்பளத்தை விட்டுவிட்டு, தங்கள் பங்கை மூன்று தவணையில் கட்டினார்கள்.

"சட்டம் இல்லாவிட்டாலும் கட்டியிருப்பீர்களா?" என்று மகளிடம் கேட்டோம்.

"வாப்பா, இன்றைக்கு அவருடைய சீலிங், நாளைக்கு எங்களுடையது. தண்ணி கீழேதானே வரும்" என்றாள்.

பொது மதிலுக்காகவும் பீலித் தண்ணிக்காகவும் வருடக்கணக்கில் முகம் பாராத வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி குத்பாக்களில் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அடுத்த மழைக்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, இருந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.