வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம்

சீவும்போது சீப்பில் சுற்றிக்கொண்டு வரும் முடியைச் சுருட்டி எறிந்துவிடுகிறோம். அதைத் தெருத்தெருவாக வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிக்கு முடி எங்கேதான் போகிறது என்று அழகுநிலையம் நடத்தும் தோழியிடம் கேட்டேன். “எனக்குச் சவுரி வர்றதே வரதராஜன்பேட்டையிலேர்ந்துதான். போய்ப் பாரேன்” என்று ஒரு வீட்டுக்கு வழி சொன்னாள்.

அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கம். சுற்றிலும் முந்திரிக்காடு. அந்த வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பலகை. அதில் நீள நீளமான கம்பி ஆணிகள் நெருக்கமாக நடப்பட்டிருந்தன. கைப்பிடி முடியை ஆணிகள்மேல் வீசி இழுக்கிறார். நீளமானது கையோடு வருகிறது, குட்டை ஆணியிலேயே தங்கிவிடுகிறது. வலது உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

அமிலத்தில் கழுவுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் வேறு இடத்து வேலை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேர் பார்ப்பதுதான். முடியின் மேல் ஓட்டுக்கூரைபோலச் செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. ஒரு முடியை இரு விரலுக்கிடையில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் அது வேர்ப் பக்கமாகவே நகரும். அக்கா செய்துகாட்டினார், நானும் செய்து பார்த்தேன், நகர்ந்தது. வேரும் நுனியும் மாறிக் கலந்தால் செதிலோடு செதில் மாட்டிச் சிக்கு விழும். ஒரே திசையில் அடுக்கிய முடிக்குத்தான் வெளிநாட்டில் ‘ரெமி’ என்று பெயர், நல்ல விலை.

தினமும் சவுரி வைப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “வாங்கும்போதே ரெண்டு இழைய உருவி நெருப்புல காட்டும்மா. உருகி உருண்டுச்சுன்னா நைலான். பொசுங்கித் தொட்டா பொடியாச்சுன்னா முடி. நம்ம முடியவிட ஒரு சாண் நீளம் கூட இருந்தா போதும். கனம் ஏறுச்சுன்னா நெத்திமுடி கொட்டிப்போவும். ஈரத்தலையில கட்டாத. சவுரியோட மூணு காலையும் உன் மூணு பிரியோட ஒண்ணொண்ணா சேத்துப் பின்னு. சீவுனா நுனியிலேர்ந்து மேல ஏறு.” அலசிய பிறகு முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிட வேண்டுமாம்.

கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் இந்தப் பலகையைக் கையில் கொடுத்திருக்கிறார். கணவர் படுத்த படுக்கையானபோது இரண்டு பெண்களையும் இதை வைத்தே படிக்கவைத்தார். பெரியவள் நர்ஸ். இப்போது அக்காவுக்கு விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு முடி தெரிவதில்லை, பகலில் மட்டும்தான் வேலை.

திருப்பதி காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. என்ன விலை போயிற்று என்று பத்திரிகையில் வந்துவிடும். சிக்கு முடிக்கு அப்படி எந்த வெளிச்சமும் இல்லை. வியாபாரி மூட்டையை இறக்குகிறார். திரும்ப எடுக்கும்போது எடை போடுவது அவர், எவ்வளவு கழிவு என்று முடிவு செய்வதும் அவர். நீளம் கூடக்கூடச் சந்தையில் விலை ஏறுகிறது. அக்காவுக்கோ எல்லா நீளத்துக்கும் ஒரே கிலோக் கூலி. இது வியாபாரமா? பதப்படுத்தாத முடி மலிவாக வெளியே போய் உள்ளூர்த் தொழில் படுக்கிறது என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டதால், 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. நியாயமான முடிவுதான். ஆனால் வேலை உள்ளூரில் தங்கினால் போதுமா? ஆணிப் பலகை இழுக்கும் கைக்கு அதில் என்ன பங்கு என்று யாருமே கேட்கவில்லை.

அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மகளிர் குழுவில் கடன் எடுத்து, சிக்கு முடியைத் தாங்களே மூட்டையாக வாங்கிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் மூட்டைக்குப் பணம் புரட்டிவிடலாம். பிரித்த முடியை வியாபாரியைத் தாண்டி யாரிடம் விற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.