யார் கொடி மேலே?

போன இதழைச் சமயபுரத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து சென்னைச் சாலையில் வடக்கே போனால் பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் என்று ஊர்கள் மளமளவென்று வந்து போகின்றன. நான்குவழிச் சாலை வந்த பிறகு பெரம்பலூருக்குள் நுழையாமலே அதைக் கடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் இந்த முறை பெரம்பலூரையும் தாண்டி முதலில் ரஞ்சன்குடிக்குப் போனேன். மனத்தில் இருந்தது கொடி.

ரஞ்சன்குடிக் கோட்டை பாறைமேல் எழுந்த கருங்கல் கட்டடம். ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள், வெளியே அகழி. ஆற்காட்டு நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உச்சியில் ஏறி நின்றால் சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய மட்டும் தெரிகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இங்க வெள்ளைக்காரன் சண்டை போட்டானாமே, ஐயா?" என்றேன். "போட்டான், தோத்தும் போனான். அதை யாரும் சொல்றதில்லை, தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரி. 1751இல் நடந்த வாலிகொண்டா போர் இங்கேதான். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் ஒரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகமது அலியும், கேப்டன் ஜிஞ்சென்ஸ் தலைமையில் ஆங்கிலக் கும்பெனிப் படையும். அந்தப் படைக்குச் சாப்பாடும் சாமான்களும் சேகரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார் ராபர்ட் கிளைவ். கோட்டைத் தலைவரோ இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினார். ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இந்த இழுபறி விரிவாக வருகிறது. கடைசியில் கோட்டை பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. கும்பெனிப் படை குலைந்து திருச்சிக்குப் பின்வாங்கியது. தோற்றவர்களையும் வென்றவர்களையும் விட, எந்தக் கொடியைத் தூக்குவது என்று முடிவு சொல்லாமல் காலம் தள்ளிய அந்த மனிதர்மேல்தான் எனக்கு மரியாதை.

அந்நாளைய கும்பெனிக் கொடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடைக் கோடுகள், மூலையில் பிரிட்டனின் ஒன்றியக் கொடி. எதிரே பிரெஞ்சு மன்னருக்கு வெள்ளைக் கொடி. இன்று நாம் காணும் யூனியன் ஜாக் 1751இல் பிறக்கவில்லை. 1606இல் இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவையையும் ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூ சிலுவையையும் சேர்த்து ஒரு கொடி செய்தார்கள். வெள்ளையில் சிவப்பு நேர்ச்சிலுவை ஒன்று, நீலத்தில் வெள்ளைக் குறுக்குச்சிலுவை மற்றொன்று. எது மேலே என்பதில் ஸ்காட்லாந்து மாலுமிகளுக்கு அப்போதே மனத்தாங்கல். 1801இல் அயர்லாந்து சேர்க்கப்பட்டபோது புனித பேட்ரிக்கின் சிவப்புக் குறுக்குச்சிலுவையை உள்ளே நுழைத்தார்கள். அதை நடுவில் வைத்தால் ஸ்காட்லாந்து வெறும் ஓரமாகிவிடும். அதனால் சற்று ஒதுக்கி வைத்தார்கள். கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் ஸ்காட்லாந்தின் அகன்ற வெள்ளைப் பட்டை மேலே வரும். அது கீழே வந்தால் கொடி தலைகீழாகப் பறக்கிறது என்று பொருள். வேல்ஸுக்கு இதில் இடமே கிடையாது. இங்கிலாந்தோடு முன்பே கரைந்துபோன நாடு என்று விட்டுவிட்டார்கள். அதன் சிவப்பு டிராகன் கொடிக்கு 1959இல்தான் அரசு ஒப்புதல் கிடைத்தது.

ஊர் திரும்பிப் பெரம்பலூர்க் கடைவீதியில் டீ குடித்தபோது, கொடிக்கு இங்கே என்ன இலக்கணம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் துணியைவிடக் கம்பத்துக்குத்தான் மதிப்பு. சிமெண்டுப் பீடம், அதில் தலைவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், தேதி. கம்பத்துக்கும் கட்சி வண்ணம். கருப்பு சிவப்பு, அதே கருப்பு சிவப்பில் அண்ணா, நீலம் மஞ்சள் சிவப்பு, நீலம் சிவப்பில் நட்சத்திரம், மூவண்ணத்தில் கை. புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் நட்டால் முன்பே இருந்ததைவிட ஓர் அடியாவது உயர்த்தி நடுவார்கள். எத்தனை கிராமங்களில் அந்த ஓர் அடி அடிதடியாகி, வழக்காகி, சாதிச் சண்டையாகியிருக்கிறது! 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை அகற்றச் சொன்னதற்கு இந்தச் சரித்திரம் போதும். அரியலூர்ச் சாலையில் சில இடங்களில் கம்பம் போய்ப் பீடம் மட்டும் நிற்கிறது. அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

இது நம்முடைய பிரத்யேக வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். வட அயர்லாந்தில் தெருவிளக்குக் கம்பங்களில் கொடி கட்டுவார்கள். நடைபாதையின் ஓரக்கற்களுக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் தீட்டி, இது எங்கள் தெரு என்று அறிவிப்பார்கள். எதிர்த்தரப்புத் தெருவில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகர மன்றம், மன்றக் கட்டடத்தில் யூனியன் ஜாக்கை ஆண்டு முழுவதும் பறக்கவிடாமல் குறித்த நாட்களில் மட்டும் ஏற்றுவோம் என்று முடிவெடுத்ததற்கு மாதக்கணக்கில் தெருப் போராட்டம் நடந்தது. அரியலூர்க்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் மொழி புரியாவிட்டாலும் சண்டை புரிந்துவிடும்.

நம் மாநிலத்துக்கும் தனிக்கொடி கேட்ட காலம் உண்டு. 1970இல் கருணாநிதி ஒரு வடிவத்தை முன்வைத்தார். தேசியக்கொடி ஒரு மூலையில், கோபுரச் சின்னம் இன்னொரு மூலையில். அது நடக்கவில்லை. ஆனால் 1974 ஆகஸ்ட் 15 முதல் சென்னைக் கோட்டையில் கொடியேற்றும் உரிமை முதலமைச்சருக்கு வந்தது. அதுவரை ஆளுநர்தான் ஏற்றினார். கொடி எது என்பதைக் காட்டிலும் கயிற்றை இழுப்பவர் யார் என்பதில் கிடைத்த வெற்றி அது.

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி பக்கம்தான். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலை கிடையாது. கருவறையில் நிற்பது உயரமான ஒரு கம்பம், அடியில் ஆஞ்சநேயர். காணாமல் போன சினைப்பசு, காட்டில் சாய்ந்து கிடந்த கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றது என்பது தலக்கதை. கொடி எதுவும் இல்லாத கம்பத்துக்கு முன்னால் விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் கொட்டுகிறார்கள். நான் போன அன்று கம்பும் எள்ளும் மூட்டையாக வந்து இறங்கின. ராமநவமியை ஒட்டிய திருவிழாவில் கூட்டம் தாங்காதாம்.

ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வாசலில் பாயும் புலி போட்ட கொடி, சட்டை, வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் என்று விற்கிறார்கள். சோழர் கொடித்துணி எதுவும் இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை செப்பேட்டு முத்திரைகளும் காசுகளும்தான். அவற்றில் புலி பாயவில்லை, உட்கார்ந்திருக்கிறது. எதிரே இரண்டு மீன்கள், கூடவே வில். பாண்டியனின் மீனையும் சேரனின் வில்லையும் புலி தன் முத்திரைக்குள் சேர்த்துக்கொண்டது. மூன்று சிலுவைகளை ஒரே துணியில் அடுக்கிய லண்டன்காரர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே செய்த வேலை. இந்த முத்திரையிலும் ஒரு வேல்ஸ் உண்டு. பல்லவரின் காளையை அதில் காணோம். முதலாம் ஆதித்தன் காலத்திலேயே அந்த நாடு சோழருக்குள் அடங்கிவிட்டதால், தனியாகக் காட்டத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். முத்திரை வெட்டிய சிற்பி, கோட்டைத் தலைவரைப் போல நழுவ முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாரை உட்கார வைப்பது என்று அவன் முடிவு செய்தாக வேண்டும்.

கடைக்காரப் பையனிடம், "உட்கார்ந்த புலி இருக்கா?" என்று கேட்டேன். "அது ஓடாது சார்" என்றான். வியாபாரம் அவனுக்குத் தெரியும். பாயும் புலியே ஒன்று வாங்கினேன், நாற்பது ரூபாய். அடுத்த இதழில் குறுக்குரோட்டில் தெற்கே திரும்பி அணைக்கரை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தை மறித்த இடம்.