கந்தலும் கத்தரிக்கோலும்

பழைய யப்பானியத் துணியைக் கையிலெடுக்கும் இக்காலப் புடைவைக் கலைஞர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அதனை வெட்டலாமா என்பதே.

கிமோனோவைப் பொறுத்தவரை விடை எளிது. ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு துணிச் சுருளை நேர்கோட்டில் வெட்டி, அத்துண்டுகளை இணைப்பதே அதன் அமைப்பு. உடலின் வளைவுக்கென எதுவும் அறுத்தெறியப்படுவதில்லை. மிகுதி தையலுக்குள்ளே மடித்து விடப்படும். பட்டுக் கிமோனோவைக் கழுவ வேண்டின், தையலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் நீள்துணியாக இணைத்து, கழுவி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். 'அராய்ஹரி' என்பது அம்முறையின் பெயர். தாயின் உடை மகளுக்காகும், பின்னர் குழந்தைக்காகும். எனவே தையலைப் பிரித்து அத்துணியிற் புதியதொன்றைப் படைப்பவர் மரபை மீறியவராகார். கறுப்பு, கபில நிறப் பட்டுகளில் மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். சாயம் பிடிப்பதற்காகச் சேர்த்த இரும்புப்பு நாளடைவில் இழையை அரித்துவிடும், தொட்டவுடன் நொறுங்கும்.

'போரோ' எனப்படும் கந்தல்களின் கதையோ வேறு. வட யப்பானின் ஆவோமோரிப் பகுதியிற் குளிர் மிகுதி, பருத்தி விளையாது. உழவர் குடும்பங்கள் சணலாடையுடனேயே பனிக்காலத்தைக் கழித்தன. ஒசாக்காப் பக்கத்திலிருந்து வணிகக் கப்பல்கள் கொணர்ந்த பழைய பருத்தித் துணி அவர்களுக்குக் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. உள்ளங்கையளவு துண்டையும் வீசாது ஒட்டுப் போட்டனர். ஒட்டின்மேல் ஒட்டாக, தலைமுறைகள் தொடர்ந்த வேலை அது.

தனகா சூசபுரோ (1933–2013) என்னும் நாட்டாரியலாளர் ஊர் ஊராகச் சென்று இவற்றைத் திரட்டினார். வறுமையின் சான்றென வெட்கி, உரியவர்களே அவற்றை ஒளித்தும் எறிந்தும் வந்த காலம் அது. அவர் சேகரித்த, நெருங்கிய ஓட்டுத்தையலிட்ட 786 உடைகளை 1983இல் யப்பானிய அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இன்றோ போரோ உலகச் சந்தையில் விலையுயர்ந்த பண்டம். நவீன ஓவியம் போலிருக்கிறதெனப் பாராட்டி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். அப்பெண்கள் கேட்டிருந்தாற் சிரித்திருப்பர் போலும்! அதற்காக அவர்களுக்கு அழகுணர்ச்சி இருக்கவில்லை என்பதும் பொருந்தாது. அவுரி நீலச் சணலில் வெண்ணூலால் அவர்கள் இட்ட 'கொகின்' தையலின் நுணுக்கமான சாய்சதுரக் கோலங்களைக் குளிர் கேட்கவில்லை.

இத்தகைய துணியொன்றை அறுக்கும்போது, எந்த ஒட்டு முந்தியது, எது பிந்தியது, எவ்விடம் சுமை தாங்கித் தேய்ந்தது என்னும் வரலாறு கலைந்துவிடுகிறது. எழுத்தில் எதையும் விட்டுச்செல்லாத பெண்களின் வரலாறு அது. ஏற்கெனவே சிதறிய துண்டுகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைப் புதுப் படைப்பிற் சேர்ப்பதிற் குற்றமில்லை. முழுதாக எஞ்சிய ஒன்றை அவ்வாறே வைத்துவிட்டு, அதன் தையலைக் கற்றுத் தம் வீட்டுப் பழந்துணியில் இட்டுப் பார்க்கவும் கலைஞருக்கு வழியுண்டு. ஊசியும் நூலும் அதற்குப் போதும்.