முட்டைத் திருடன்

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். முப்பத்துச் சொச்சம் வருடம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின், மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த முத்தையாபுரம் வீட்டுக்குக் குடிவந்தோம். பின்வாசலில் ஒரு முருங்கையும் கொஞ்சம் மண்தரையும் உண்டு. அங்கே அவள் ஐந்து நாட்டுக்கோழி வளர்க்கிறாள். முட்டைக்கணக்கு எழுதுவது என் வேலை. பழைய புத்தி போகாதல்லவா, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

போன வருடம் சித்திரையில் கணக்கு உதைத்தது. மூன்று கோழிகள் முட்டையிடும் பருவம். வாரம் பத்து முட்டை எழுதிய இடத்தில் நாலு, அடுத்த வாரம் மூன்று. கீரிப்பிள்ளையோ பாம்போ என்று பார்த்தேன். வேலியில் ஓட்டை இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பையன் கோழிக்கூட்டுப் பக்கமிருந்து கையை மூடிக்கொண்டு சுவரேறிப் போவதைக் கண்டேன். எட்டு வயசு.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே சின்ன வகுப்பிலேயே மனப்பாடமான பழமொழி ஒன்று: 'கீ வோல் அன் எஃப், வோல் அன் பெஃப்.' முட்டை திருடுகிறவன் மாட்டையும் திருடுவான் என்று அர்த்தம். அதைத் தமிழில் விளக்கி அந்தப் பையனின் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். ஏதோ நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எம் பேரன் பசிச்சாக் கேட்டுத் திம்பான் அண்ணாச்சி, எடுத்துத் திங்க மாட்டான்" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பையன் எங்கள் பக்கம் வரவில்லை.

பையன் வராத நாளிலும் முட்டை காணாமல் போனது. நோட்டில் நானேதான் எழுதினேன். எழுதினதை நான் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து உங்க திருடனைப் பாருங்க." செவலைக் கோழியின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. கூட்டு வைக்கோல் ஈரமாகப் பிசுபிசுத்தது. தான் இட்ட முட்டையைத் தானே உடைத்துக் குடித்துவிட்டு, ஓட்டையும் தின்றுகொண்டிருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அலகு நுனியைச் சுட்டுவிடு என்றார் ஒருவர். குழம்பு வைத்துவிடு என்றார் இன்னொருவர். நான் முட்டை ஓட்டுக்குள் மிளகாய்த்தூளைக் குழைத்து வைத்தேன். செவலை அதையும் தின்றுவிட்டு இன்னும் உண்டா என்று பார்த்தது. மிளகாய்க் காரம் பறவைக்கு உறைக்காது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மரத்துக் கிளி மிளகாய்ப்பழத்தைச் சாவகாசமாகத் தின்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன தீனி போடுறீங்க?" குருணையும் பழைய சோறும் என்றேன். அவர் விளக்கினார். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். அரிசியில் அது இல்லாத குறைதான். கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் போதாதபோது ஓடு மெலிந்து, கால் பட்டாலே உடையும். உடைந்ததைக் கொத்திப் பார்த்து ருசி பழகிவிட்டால், அப்புறம் நல்ல முட்டையையும் உடைக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முத்தும் அதே கால்சியம் கார்பனேட்தான். 1961 வரை முத்துக்குளிப்பு நடந்த கரை இது. சிப்பிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு என் கோழிக்கு ஒரு பிடி சிப்பித்தூள் இல்லை.

அவர் சொன்னபடி செய்தோம். தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கித் தனிச் சட்டியில் வைத்தோம். வேண்டியதைக் கோழியே தின்றுகொள்ளும். கொஞ்சம் பிண்ணாக்கும் கிடைத்தபோது கறையானும் போட்டோம். கருவாட்டுத் தலை கூடாது, உப்பு அதிகமானால் கோழிக்கு விஷம் என்றார். சமையலில் மிஞ்சும் முட்டை ஓட்டை வறுத்துப் பொடியாக்கித்தான் போடவேண்டும். அடையாளம் தெரிந்தால் மறுபடி முட்டையைத் தேடும். கூட்டுவாயில் சாக்குத்துணி தொங்கவிட்டு இருட்டாக்கினோம். உள்ளே வெள்ளையடித்த உருண்டைக் கல் ஒன்று. செவலை நாலைந்து நாள் கொத்திப் பார்த்து அலுத்துவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், இட்ட முட்டையை உடனே எடுத்துவிடுவது. பெரும்பாலும் காலையில்தான் இடும்.

ஒரு மாதத்தில் ஓடு கெட்டியானது. நோட்டில் மறுபடி ஒன்பது, பத்து.

முதலில் சேர்ந்த ஆறு முட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று ஆச்சியிடம் சொன்னேன். பையனிடமும் சொன்னேன். அன்றைக்குக் கையில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டேன். "பம்பரம் தாத்தா. உங்க வீட்டுல விழுந்துட்டு. நீங்க வைவியன்னு பயந்துட்டேன்" என்றான்.

இப்போது பள்ளிக்கூடம் போகுமுன் முட்டை எடுத்துத் தருவது அவன்தான். நாலுக்கு ஒன்று அவனுக்கு. ஆச்சி அந்த ஆறு முட்டையை வாங்கிக்கொண்டாள். முன்னெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்று தினமும் கேட்பாள். அது இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.