பவுலின் முள்

சபையில சாட்சி நேரம் வந்தாலே எனக்கு ஒரு நெருடல். பட்ட பாட்டை விலாவாரியா சொல்லச் சொல்ல, "எவ்ளோ தாங்கினேன் பாருங்க"ன்னு பெருமையும் கூடவே ஏறிக்குது. பாடு வந்தா தாழ்மை தானா வந்துடும்னு நான் நம்புறதில்லை.

2 கொரிந்தியர் 12-ல் பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாக எழுதுகிறார். தரிசனங்கள் கண்ட மனுஷன், தலைக்கனம் வந்துடக் கூடாதுன்னு கொடுக்கப்பட்டதாம். எடுத்துப்போடச் சொல்லி 3 முறை கேட்டார். பதில் வந்தது, முள் போகலை. அது கண் நோயா, வலிப்பா, எதிராளிகளா? அறிஞர்கள் இன்னும் சண்டை போடறாங்க. ஏன்னா அவர் சொல்லவே இல்லை! கேட்டதையும் கிடைக்காததையும் மறைக்காம எழுதினவர், நோயை மட்டும் விவரிக்கலை. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

போன வருஷம் எனக்கு முதுகில் டிஸ்க் விலகி 2 மாசம் படுக்கை. வலியால தாழ்மையெல்லாம் வரலை, எரிச்சல்தான் வந்தது. திரும்ப ஆபீஸ் கிளம்பின அன்னிக்கு குனிய முடியலை. அப்பாவைக் கூப்பிட்டேன். என் காலடியில உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிட்டு, "இறுக்கமா இருக்காடா?"ன்னார். பேச்சு வரலை.

இப்பவும் அவர்தான் கட்டி விடறார். நானும் ஜெபத்துல கேட்டுட்டுதான் இருக்கேன். 3 முறையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு :-)