தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

'எங்கள் தாத்தா எண்பது வயது வரை புகையிலை போட்டார். கடைசி வரை வாயில் ஒரு புண்கூட வந்ததில்லை.' டீக்கடையில் புகையிலைப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அது பொய்யும் இல்லை. ஆனால், அதே ஊரில் நாற்பத்தைந்து வயதில் கன்னத்தில் புற்றுநோய் வந்து போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் டீக்கடைக்கு வந்து பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரே கடைச் சரக்கு. ஒருவருக்கு நோய், இன்னொருவருக்கு இல்லை. ஏன்?

பதில் நம் நெல் வயலிலேயே இருக்கிறது. ஐ.ஆர்.50 ரகத்தைக் குலைநோய் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பக்கத்து வயலில் எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் அதே பனியிலும் தாக்குப்பிடிக்கும். விதைக்குள் இருக்கும் மரபணுதான் காரணம். மனிதர்களும் அப்படித்தான்.

புகையிலையில் நைட்ரோசமைன் எனப்படும் நச்சுப்பொருள்கள் உள்ளன. பெரும்பாலும் இலையைப் பாடம் செய்யும்போது உருவாகும் இவை, உடலுக்குள் போய் செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. புகையிலை நச்சுகளை முறித்து வெளியேற்ற உடலில் சில என்சைம்கள் உண்டு. அவற்றில் ஒன்றை உருவாக்குவது ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு. மக்களில் கணிசமானவர்களுக்கு இது பிறவியிலேயே கிடையாது. அன்றாட வாழ்க்கையில் அந்தக் குறை தெரியாது. ஆனால், புகையிலை மெல்லும்போது அவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் ஆபத்து கூடுவதாக இந்தியாவில் நடந்த ஆய்வுகள் சில காட்டியுள்ளன.

'எனக்கு அந்த மரபணு இருந்தால் தப்பித்துவிடலாமா?' என்று கேட்கத் தோன்றும். முடியாது. இது ஒரே ஒரு மரபணு. நோயைத் தீர்மானிப்பவை இன்னும் பல. நோய் இருக்கும் வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் குலைநோய் எப்படிப் பெருகுமோ, அப்படித்தான் புகையிலையும். எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறிக்கொண்டே போகும். விதை மூட்டையில் ரகத்தின் பெயர் இருக்கும்; மனிதர் நெற்றியில் இல்லை. தாத்தாவுக்கு இருந்த பலம் பேரனுக்கு வந்திருக்கிறதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவை மாற்றவும் முடியாது. கையில் இருப்பது புகையிலையை விடுவது ஒன்றுதான்.

நடவிலும் களையெடுப்பிலும் பசி தெரியாமல் இருக்கப் புகையிலையை அதக்கிக்கொள்ளும் பெண்கள் நிறைய. பெரும்பாலும் அதக்கும் இடத்திலேதான் புண் தொடங்குகிறது. வெறும் பாக்கு ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; ஒரு குடும்பத்தில் மரபணுவோடு பழக்கமும் சேர்ந்தே இறங்குகிறது.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். எத்தனை வயதில் விட்டாலும் பலன் உண்டு.