புறம்பான பாடங்கள்

'பாடத்திற்குப் புறம்பான செயல்கள்' என்னும் சொற்றொடர் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. விளையாட்டு, நாடகம், பேச்சுப் போட்டி, சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகிய யாவும் இப்பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றைப் புறம்பானது என்று அழைத்துவிட்டால், அது தேவையற்றது என்று முடிவு செய்ய அதிக நேரம் ஆவதில்லை. தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. ஆனால், நம் முன்னோர் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்தபோது புறத்தைத் தாழ்வாகக் கருதவில்லை. வீட்டு வாயிலைத் தாண்டி, ஊரோடும் உலகோடும் மனிதன் கொள்ளும் உறவெல்லாம் புறமே. அந்தப் பொருளில் பார்த்தால், புறப்பாடம் இல்லாத கல்வி பாதிக் கல்வியே ஆகும்.

பணி நிமித்தமாக நெல்லையிலிருந்து வடக்கே மதுரைச் சாலையில் செல்லும்போதெல்லாம் கங்கைகொண்டானைக் கடந்து செல்கின்றேன். சோழப் பேரரசன் இராசேந்திரனின் விருதுப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலப்பதற்கு முன் இவ்வூர்ப் பக்கமாகத்தான் வருகின்றது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. மறுபக்கம் 2013ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புள்ளிமான் காடு. மாலை நேரங்களில் பேருந்து நிறுத்தங்களில் மேனிலை வகுப்பு மாணவர்கள் புத்தகப் பையோடு காத்து நிற்பர். அவர்களுள் சிலரோடு உரையாடும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைப்பதுண்டு. "பள்ளியில் பாடம் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்பே விடையாக வருகின்றது. "அதுக்கெல்லாம் நேரம் எங்க ஃபாதர் இருக்கு? ஸ்பெஷல் கிளாஸ் முடியவே ஆறு மணி ஆயிருது" என்றாள் ஒரு மாணவி. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் அவள் சொன்னாள்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேனிலைக் கல்வி அறிமுகமானது. அதற்கு முன், இதே வயதினர் கல்லூரியில் புகுமுக வகுப்பில் பயின்றனர். 16, 17 வயது இளைஞரைக் கல்லூரியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்த அந்த மாற்றம், பள்ளிகளின் பொறுப்பையும் கூட்டியது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், பின்னர் 1985இல் மேனிலை வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற கருத்தை அது தன் முழக்கமாகக் கொண்டது. அத்திட்டத்தின் தொடக்க கால மாணவர்களுள் அடியேனும் ஒருவன்.

1987ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில், சிற்றாற்றங்கரை ஊர் ஒன்றில் எங்கள் சிறப்பு முகாம் நடைபெற்றது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளத்துக்கு நீர் வரும் கால்வாயைத் தூர் அகற்றிச் செப்பனிட வேண்டும். உடை முள் மண்டிக் கிடந்த கால்வாய் அது. முதல் நாள் மாலை நாங்கள் உண்ண அமர்ந்தபோது, யாரும் சொல்லாமலே நாங்கள் தெருவாரியாகப் பிரிந்து அமர்ந்திருந்தோம். சமையலில் உதவியது யார் என்று மெல்ல விசாரித்துவிட்டு, 'பசியில்லை' என்று எழுந்து சென்றவர் இருவர். எங்கள் ஆசிரியர் அதைக் கண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பணிப் பட்டியலைப் பெயர்களின் அகர வரிசைப்படி எழுதி ஒட்டினார். மண்ணை வெட்டுபவன் ஒருவன், சட்டியைத் தூக்கிவிடுபவன் ஒருவன், சுமப்பவன் ஒருவன் என மூவர் மூவராகப் பிரித்தார். சமையலுக்கும் பரிமாறலுக்கும் அதே வரிசைதான்.

மண் நிறைந்த சட்டியைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. மற்றொருவன் கை கொடுத்தாக வேண்டும். எந்தத் தெருவைச் சேர்ந்த கை என்று கேட்டுக்கொண்டிருக்கச் சுமை விடுவதில்லை. மூன்றாம் நாள் ஊர்மக்கள் வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் காய்கறியும் கொடுக்க, நம் நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோறு ஒரே அண்டாவில் வெந்தது. அன்று எழுந்து சென்றவர் எவருமில்லை.

அதைவிட என் மனத்தில் ஆழப் பதிந்தது ஒரு தேநீர்க் கடையில் நிகழ்ந்தது. பணி முடிந்து பதினைந்து பேர் அங்குச் சென்றோம். கடைக்காரர், "தம்பி, நீங்க எந்தத் தெரு? நீ எந்தத் தெரு?" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். அவர் முன்னே இரு வகைக் குவளைகள் இருந்தன. எங்களுள் மூத்தவன் ஒருவன், "அண்ணாச்சி, நாங்க எல்லாரும் முகாம்லருந்து வாரோம்" என்றான். அவர் மீண்டும் கேட்டார். எவரும் எவரையும் தூண்டவில்லை. பதினைந்து பேரும் தேநீர் அருந்தாமலே திரும்பி நடந்தோம். முதல் நாள் உண்ண மறுத்த இருவரும் அந்தப் பதினைந்து பேருள் இருந்தனர். அவர்கள் உள்ளம் முற்றிலும் மாறிவிட்டது என்று நான் கூறத் துணியேன். ஆயினும், தோளோடு தோள் நின்றவனைத் தனிக்குவளைக்கு விட்டுக்கொடுக்க அவர்களால் இயலவில்லை. சமத்துவம் பற்றிய பாடம் எங்கள் புத்தகத்திலும் இருந்தது. அதற்கு நாங்கள் மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். ஆனால், அதை நாங்கள் கற்றது கால்வாய்க் கரையில்தான்.

இவற்றை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டு மாதம், இதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், பிளஸ் டூ மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே உடன் பயின்ற மாணவர்களால் அரிவாள் கொண்டு வெட்டப்பட்டார். தடுக்க வந்த அவருடைய தங்கையும் தப்பவில்லை. வெட்டுண்டவர் தலித் மாணவர். வெட்டியவர்களும் பள்ளிச் சீருடை அணிந்து சென்றவர்களே என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. இதனையடுத்துத் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அது கூறியது. அத்தோடு நில்லாமல், எல்லாச் சமூகத்து மாணவர்களையும் கொண்ட சமூக நீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றினால் மட்டும் போதாது. கழற்றிய கைகளுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும் என்பதையே அப்பரிந்துரை எனக்கு உணர்த்துகின்றது.

அத்தகைய வேலைக்குரிய நேரத்தைத்தான் நாம் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டோம். 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, மேனிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகளும் தேர்வின் நிழலுக்குள் சென்றன. விளையாட்டுப் பாடவேளையைக் கணிதமும் இயற்பியலும் எடுத்துக்கொண்டன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, பள்ளி தராததைப் பணம் கட்டி வெளியே கற்றுக்கொள்ளும். ஆறு மணிப் பேருந்துக்கு ஓடும் கிராமத்து மாணவிக்குப் பள்ளி நேரத்தை விட்டால் வேறு நேரம் ஏது?

ஒன்றை இங்குத் தெளிவுபடுத்த விரும்புகின்றேன். கூடி விளையாடுவதாலோ முகாமிடுவதாலோ மட்டும் நன்மை தானாக விளைந்துவிடாது. ஒரே தெருப் பிள்ளைகளைக் கொண்ட கபடிக் குழு, அத்தெருவின் செருக்கையே வளர்க்கக்கூடும். சான்றிதழுக்காக நடைபெறும் முகாம், ஒரு நிழற்படத்தோடு முடிந்துவிடும். அகர வரிசையில் பெயர் எழுதும் ஓர் ஆசிரியரின் விழிப்பு அங்கே தேவை. பெல்சிய நாட்டுக் குருவானவர் கார்டைன் 1925இல் இளம் தொழிலாளர்க்காக நிறுவிய இயக்கமும், அதன் வழிவந்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் இதை உணர்ந்திருந்தன. சூழலைப் பார்ப்பது, அதைச் சீர்தூக்குவது, பின் செயல்படுவது என்னும் மூன்று படிகளை அவை இளைஞர்க்குக் கற்றுத் தந்தன. சீர்தூக்காத செயல் வெறும் பரபரப்பாகவே முடியும்.

பள்ளிகளை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிடவும் இயலாது. நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில், சாதிப் பிரிவினரைத் தனித்தனியே நிறுத்தச் சுவர் இருந்ததையும், அது 1910இல் இடிக்கப்பட்டதையும் நாம் அறிவோம். கற்சுவரை இடிக்க முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கண்ணுக்குத் தெரியாத சுவர்களோ நம் பங்குகளின் இளைஞர் குழுக்களிலும், திருவிழாக் குழுக்களிலும், கல்லறைத் தோட்டங்களிலும் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. இளைஞர் குழுவின் பட்டியலை எந்த வரிசையில் எழுதுகின்றோம் என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு விரைவில் 18 வயது நிறைகின்றது. 1989 முதல் அதுவே வாக்களிக்கும் வயது. ஊரின், நாட்டின் பொறுப்பில் பங்கேற்கச் செல்லும் பிள்ளைக்குப் பள்ளி தரக்கூடிய கடைசிப் பயிற்சி அந்த ஈராண்டுகளே. ஆகவே பெற்றோரே, "மதிப்பெண் எத்தனை?" என்று கேட்கும் அதே வாயால், "இந்த வாரம் யாரோடு சேர்ந்து என்ன செய்தாய்?" என்றும் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து, பறிபோன அந்தப் பாடவேளையைத் திரும்பக் கேளுங்கள். அதைப் பள்ளி நேரத்திற்குள்ளேயே கேளுங்கள். தொலைவிலிருந்து வரும் பெண்பிள்ளைகளும் அதில் பங்கு பெறட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். ஒரு தோட்டம், ஒரு நாடகம், தூர்ந்த கால்வாய் ஒன்று. எதுவாயினும் சரி, தனியொருவரால் தூக்க முடியாத சுமையாக அது இருக்கட்டும்.